மழை எச்சரிக்கை வந்தால் கிழமையைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் சென்னையில் தாம்பரம் பக்கம் முடிச்சூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது. வாரம் இரண்டு முறை, திங்களும் வியாழனும், டயாலிசிஸ். அப்பாவுக்கு 70. காலையும் இரவும் இன்சுலின், கூடவே சுகர் மாத்திரை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது திங்கட்கிழமை டயாலிசிஸுக்குப் போக முடியவில்லை. மாடி வீட்டில் தங்கினோம். கரண்ட் இல்லை, போனும் இல்லை. மாடி வீட்டார் தெம்புக்கு என்று இளநீரும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குச் சுகர் 52க்கு இறங்கிவிட்டது. அம்மாவால் படுக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. புதன் மாலைதான் படகு வந்தது. அம்மாவை இடது கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றினார்கள். அது ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்ட கை, பத்து நாள் வீங்கியிருந்தது. அன்றிரவு டயாலிசிஸ் செய்து பிழைத்தார். இப்போது மறுபடி மழைக்காலம் வருகிறது. முன்னாலேயே கிளம்பிவிடலாம் என்றால் அம்மா சம்மதிப்பதில்லை. "அடுத்தவர் வீட்டில் போய் நிற்கமாட்டேன்" என்கிறார். அன்று நாங்கள் செய்த தப்பு என்ன? இந்த வருடம் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. இதை முதலில் மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். ஊரே எதைப் பார்த்து முடிவெடுத்ததோ அதைப் பார்த்துத்தான் நீங்களும் முடிவெடுத்தீர்கள்: தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, படியைத் தொட்டதா, உள்ளே வருமா என்று. உடம்பு நன்றாக இருக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு போதும். உங்கள் அம்மாவுக்கு அது போதாது என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்கள் டாக்டர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வாரத்தைக் காலண்டரில் வைத்துப் பாருங்கள். அம்மாவுக்குக் கடைசியாக டயாலிசிஸ் நடந்தது நவம்பர் 30, வியாழன். அடுத்தது டிசம்பர் 4, திங்கள். பெருமழை ஞாயிறு இரவு பிடித்து, திங்கள் முழுக்கக் கொட்டியது. புயல் வருகிறது என்ற செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது. சனிக்கிழமை வண்டி ஓடியது, மருத்துவமனை திறந்திருந்தது. அன்றைக்கே ஒரு டயாலிசிஸ் செய்திருந்தால், சனியிலிருந்து புதன் வரை நான்கு நாள். வழக்கமாக வியாழனுக்கும் திங்களுக்கும் நடுவில் அவர் உடம்பு தாங்குவதும் அதே நான்கு நாள்தான். படகு புதன்கிழமைதான் வந்தது என்றாலும் அம்மா மூச்சுத் திணறாமல் ஏறியிருப்பார்.

ஆகவே இந்த வருடம் மழை எச்சரிக்கை வந்ததும் நீங்கள் பார்க்க வேண்டியது கிழமையை. அடுத்த டயாலிசிஸ் எந்தக் கிழமை, அந்தக் கிழமையில் ரோடு இருக்குமா? சந்தேகம் என்றால் டயாலிசிஸை முன்னால் நகர்த்துங்கள். இது என் சொந்த யோசனை அல்ல. 2012 அக்டோபரில் அமெரிக்காவில் நியூயார்க், நியூஜெர்சி பகுதிகளைச் சாண்டி புயல் தாக்கியபோது, ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குப் புயலுக்கு முன்பே டயாலிசிஸ் செய்து அனுப்பினார்கள். அப்படிச் செய்துகொண்டவர்கள், செய்துகொள்ளாதவர்களைவிடக் குறைவாகவே அவசர சிகிச்சைக்கு வந்தார்கள். அவர்களில் இறந்தவர்களும் குறைவு. பிறகு நடந்த ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது.

முன்னால் நகர்த்துவதை நீங்கள் தனியாகச் செய்ய முடியாது. எச்சரிக்கை வந்த அன்று எல்லா நோயாளிகளும் போன் செய்வார்கள், மெஷின் எண்ணிக்கையோ அதேதான். எனவே இப்போதே, வானம் தெளிவாக இருக்கும்போதே, உங்கள் டயாலிசிஸ் பிரிவின் டெக்னீஷியனிடமும் டாக்டரிடமும் பேசுங்கள். "புயல் எச்சரிக்கை வந்தால் முன்னால் ஒரு ஷிஃப்ட் கொடுப்பீர்களா, யாரிடம் சொல்ல வேண்டும், ராத்திரி ஷிஃப்ட் நடத்துவீர்களா" என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறீர்கள் என்றால், நாளை மாற்றுவதற்கு அனுமதி எப்படி வாங்குவது என்பதையும் அங்கே காப்பீட்டைப் பார்க்கிறவரிடம் கேட்டு வையுங்கள்.

எச்சரிக்கையைக் கவனிப்பதிலும் ஒரு விஷயம். வானிலை ஆய்வு மையம் புயலுக்கு 48 மணி நேரம் முன்பு ஒரு கட்ட எச்சரிக்கையும், 24 மணி நேரம் முன்பு அடுத்த கட்டமும் தருகிறது. உங்களுக்கு அந்த 48 மணி நேரம்தான் வேலை செய்கிற நேரம். ஏரிச் செய்தியில் சென்னை முழுக்கச் செம்பரம்பாக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். முடிச்சூர்ப் பக்கம் அடையாற்றில் முதலில் வந்து சேர்வது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர். செம்பரம்பாக்கம் திறக்கவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அப்படிப் பெய்தால் யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

சரி, எங்கே போவது? பலரும் செய்கிற தவறு, பாதுகாப்பு என்று சொந்தக் கிராமத்துக்குப் போய்விடுவது. தண்ணீர் வராத ஊராக இருக்கும், டயாலிசிஸ் இருக்காது. ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும், நான்கு மணி நேரம் மின்சாரம் வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் இது கிடைக்காது. வெள்ளத்தில் உங்கள் மருத்துவமனையே கூட நின்றுபோகலாம். ஆகவே போகிற வீடு, இரண்டாவதாக ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு அருகில் இருக்க வேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வேலூர் என்று எங்கே உறவு இருக்கிறது என்று பாருங்கள். முடிந்தால் மழைக்கு முன் ஒரு முறை அந்த மையத்திலேயே அம்மாவுக்கு டயாலிசிஸ் செய்துவிடுங்கள். அவர் பெயர் அங்கே ஒரு முறை பதிவாகிவிட்டால், அவசரத்தில் போய் நிற்கும்போது வாசலில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

புது மையத்தில் முதலில் கேட்பது ரத்தப் பரிசோதனை அறிக்கை: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றும். கிருமி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் ஒதுக்க வேண்டியிருப்பதால், அறிக்கை இல்லாமல் மெஷினில் போடத் தயங்குவார்கள். அறிக்கைக்காகக் காத்திருந்து ஒரு பகல் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்துக் கேட்பது ட்ரை வெயிட், அதாவது டயாலிசிஸ் முடிந்தபின் அம்மாவின் எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்பது. அது தெரியாவிட்டால் எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று கணக்குப் போட முடியாது. இவற்றோடு மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார்கள், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, எந்தக் கையில் ஃபிஸ்டுலா. எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். கனமான ஃபைலைத் தூக்கிக்கொண்டு படகில் ஏற வேண்டாம். அந்த ஒரு பக்கத்தையும் அறிக்கைகளின் நகலையும் ஜிப் கவரில் போட்டு அம்மாவின் கைப்பையிலேயே வையுங்கள். போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் ஓர் உறவினரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். உங்கள் போன் நனைந்தாலும் அவர் போன் நனையாது.

இனி அம்மாவின் பிடிவாதம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன எல்லா ஏற்பாடும் இந்த ஓர் இடத்தில்தான் நின்றுபோகிறது. டயாலிசிஸ் செய்துகொள்கிற பெண்கள் பலர் ஏற்கெனவே தங்களைக் குடும்பத்துக்குப் பாரமாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். வாரம் இரண்டு நாள் பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள், பணம் போகிறது என்ற எண்ணம் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். அதோடு இன்னொரு வீட்டில் போய், "எனக்கு உப்பு போடாதீர்கள், ராத்திரி மூச்சு வாங்கினால் எழுப்புவேன், கீழே உட்கார முடியாது, கழிப்பறை எது?" என்று கேட்பது அவர்களுக்குச் சாவைவிடப் பெரிதாகத் தெரிகிறது. வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "அடுத்தவர் வீட்டில் நிற்கமாட்டேன்" என்பதற்குள் இவ்வளவும் இருக்கிறது.

மழை கொட்டும்போது இதைப் பேசித் தீர்க்க முடியாது. இப்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அப்பாவையும் அந்த உறவினர் வீட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வாருங்கள். அம்மா எங்கே படுப்பார், கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று அவரே பார்க்கட்டும். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் மடக்கு கமோட் நாற்காலி ஒன்று வாங்கி அங்கேயே வைத்துவிடுங்கள். அவர் சாப்பாட்டுக்கு ஆகும் அரிசி, ரவையை நீங்களே கொண்டுபோங்கள். அம்மாவின் மானத்துக்கு அது துணை. அந்த வீட்டுப் பெண்மணியிடமும் நேராகப் பேசுங்கள்: "எச்சரிக்கை வந்தால் மூன்று, நான்கு நாள் வருவோம், மழை வராமல் போனாலும் வருவோம்." வராத மழைக்குக் கிளம்பிப் போனோமே என்ற கூச்சம் இரண்டு பக்கமும் இருக்கக் கூடாது. ஐந்து முறை வீணாகப் போய்விட்டு வந்தாலும் பரவாயில்லை. ஆறாவது முறைக்காகத்தான் அந்த ஐந்தும்.

எவ்வளவு செய்தும் மாட்டிக்கொள்கிற நாள் வரலாம். அப்போது சாப்பாடும் தண்ணீரும்தான் உயிரைப் பிடித்துவைக்கும். மாடி வீட்டார் நல்ல மனதோடுதான் இளநீரும் வாழைப்பழமும் கொடுத்தார்கள், அவர்கள் மேல் வருத்தம் வேண்டாம். ஆனால் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் அது வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும், ஏறினால் இதயத் துடிப்பே நிற்கலாம். 2015 வெள்ளத்தின்போது எங்கள் பிரிவுக்கு முகாமிலிருந்து வந்த ஒரு பெரியவரை நான் மறக்கவில்லை. மூன்று நாளாக அவருக்குக் கிடைத்தது வாழைப்பழமும் பிரெட்டும். "பசிக்கு அதுதானேம்மா இருந்தது" என்று நர்ஸிடம் சொன்னார். அவர் இ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு வார்டே ஓடியது. நல்லவேளை, பிழைத்தார்.

நிவாரணப் பொட்டலங்களில் வருவதைப் பாருங்கள்: புளிசாதம், தக்காளி சாதம், சாம்பார் சாதம், ஊறுகாய், வாழைப்பழம். அம்மாவுக்கு ஆகாதவை எல்லாம் ஒரே பொட்டலத்தில் இருக்கும். எனவே மழைக்காலம் முழுக்க அவருக்கென்று ஒரு டப்பா தனியாக இருக்கட்டும். உப்பில்லாத பொரி, அவல், வறுத்த ரவை, சர்க்கரை, ரஸ்க். வடித்த வெறும் சோறு கிடைத்தால் அது நல்லது. டயாலிசிஸ் தவறிய நாளிலிருந்து தண்ணீர், காபி, கஞ்சி எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்தப் பாருங்கள். சிறுநீர் ஓரளவு போகிறவர்களுக்கு இந்த அளவு மாறும், உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாகத்துக்கு வாய் கொப்பளிக்கலாம், சூயிங்கம் மெல்லலாம். முகாமில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் உப்பும் பொட்டாசியமும் இருக்கிறது, டாக்டர் சொல்லாமல் அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் பவுடர் உண்டு. மூன்று நாளுக்கு ஆகிற அளவு எழுதித் தரச் சொல்லி டப்பாவில் வையுங்கள். எப்போது, எவ்வளவு என்பதைப் பாக்கெட் மேலேயே எழுதிவிடுங்கள். உடம்பு வலிக்கிறது என்று யாரிடமாவது வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

இப்போது அப்பா. அவருக்குச் சுகர் 52க்கு இறங்கியதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலிருந்தே ஊகிக்க முடிகிறது. மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொண்டார், சாப்பாடுதான் வேளைக்கு வரவில்லை. நோயாளிகளிடம் நாங்கள் "வேளை தவறாதீர்கள்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கம் அது. சாப்பாடு நிச்சயமில்லாத நாளில் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைச் சாப்பாடு கைக்கு வந்தபிறகுதான் போட வேண்டும். சாப்பாடு இல்லையென்றால் அந்த வேளை மாத்திரையும் இல்லை. இன்சுலினை அப்படி மொத்தமாக நிறுத்த முடியாது, எவ்வளவு குறைப்பது என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. "அரைச் சாப்பாடு என்றால் இவ்வளவு யூனிட், சாப்பாடே இல்லையென்றால் இவ்வளவு" என்று அவர் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சிறு வயதிலேயே வரும் டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன்: பிள்ளை சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை முழுவதுமாக நிறுத்தவே கூடாது, ஒரே நாளில் ஆபத்தாகிவிடும்.

சுகர் இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் டப்பா ஈரம் பட்டால் தவறான எண் காட்டும், அதையும் ஜிப் கவரில் போடுங்கள். இன்சுலின் கெட்டுவிடும் என்று கரண்ட் போனதும் பதறுகிறவர்கள் உண்டு. உபயோகத்தில் இருக்கும் குப்பியோ பென்னோ 30 டிகிரிக்குள் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும், டிசம்பர் மாதச் சென்னைக்கு அது போதும். திறக்காததை ஈர மணலில் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாமல் கவரில் கட்டி வைக்கலாம். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் இளகினாலும் பயன்படாது. அப்பா வெள்ளத்தில் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. நீரிழிவில் பாதம் மரத்துப்போயிருந்தால் ஆணி குத்தியதுகூடத் தெரியாது. மூடிய செருப்பு போட்டு இறங்கட்டும், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி விரலிடுக்கு வரை நீங்களே பாருங்கள். அடுத்த இரண்டு, மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

படகு விஷயம். மீட்புக்கு வருகிறவர்களுக்கு ஃபிஸ்டுலா என்றால் என்னவென்று தெரியாது, அவர்கள் கண்ணில் படுவது ஒரு வயதான அம்மா நீட்டும் கைதான். ஒரு வெள்ளைத் துணிப்பட்டையில் அழியாத மையால் "டயாலிசிஸ் கை: பிடித்து இழுக்காதீர்கள், ஊசி, பி.பி. வேண்டாம்" என்று எழுதி, சட்டைக் கைமேல் தளர்வாகப் பின் குத்திவிடுங்கள், இறுக்கிக் கட்டக் கூடாது. இடுப்பையும் வலது தோளையும் தாங்கித் தூக்கச் சொல்லுங்கள், முடிந்தால் நாற்காலியோடு. இரவும் காலையும் ஃபிஸ்டுலா இருக்கும் இடத்தில் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். நின்றுவிட்டால் அதுவே அவசரம். ரத்தம் கசிந்தால் பெரிய துண்டைச் சுற்றாமல், கசியும் புள்ளியில் விரலால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள்.

உதவி கேட்கும்போதும் வார்த்தை முக்கியம். ஆம்புலன்ஸ் 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. எந்த எண்ணில் பேசினாலும் முதல் வாக்கியமே "டயாலிசிஸ் நோயாளி, கடைசி டயாலிசிஸ் இந்தத் தேதி, இப்போது படுக்க முடியவில்லை" என்று இருக்கட்டும். "தண்ணீர் வந்துவிட்டது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று அன்று ஆயிரம் பேர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். படுத்தால் மூச்சுத் திணறல், கால் துவண்டுபோதல், படபடப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதைப் படிக்கிற மற்ற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் இன்வெர்ட்டரை நம்பி இருந்துவிடாதீர்கள். ஐந்து லிட்டர் மெஷின் ஏறத்தாழ 350 வாட் இழுக்கும், சாதாரண ஒற்றை பேட்டரி இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிது. வெள்ளத்தில் ஷாக் அடிக்காமல் இருக்க மின்வாரியமே கரண்டை நிறுத்திவிடும், அது நாள் கணக்கில் போகும். ஒரு பி டைப் சிலிண்டர் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் வரும். அந்த 12 மணி நேரம் வெளியேறுவதற்கான நேரம். வலிப்பு மாத்திரை, ஸ்டென்ட் வைத்தவர்களின் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, நீண்டகால ஸ்டீராய்டு, மாற்றுச் சிறுநீரகத்துக்கான மாத்திரை இவையெல்லாம் ஒரு நாள்கூட விடக் கூடாதவை. மழை மாதங்களில் கையிருப்பு இரண்டு வாரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் கிளம்பினாலும் கூடுதலாக மூன்று நாள் மாத்திரை பையில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கானோர் இரண்டு நாள் வரை அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். ஒரு ராத்திரிப் பயணம்தானே என்று ஒரு வேளை மாத்திரையோடு ஏறியவர்கள் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

சகோதரி, இத்தனையையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். வருகிற திங்கட்கிழமை அம்மா டயாலிசிஸில் இருக்கும் நான்கு மணி நேரத்தில் நீங்கள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த நேரத்தில் மூன்று ரத்தப் பரிசோதனை அறிக்கைகளின் நகலை வாங்கிவிடுங்கள், ட்ரை வெயிட்டை எழுதித் தரச் சொல்லுங்கள், புயல் வந்தால் முன்கூட்டி ஷிஃப்ட் கேட்க யாருக்குப் போன் செய்வது என்று கேட்டு அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதை வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.